எழுபத்திரண்டாவது தடவை

ஒரு ஊரிலே ஒரு வானம் இருந்தது. வானம் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. ஆனால் தாராபுரத்து வானத்தைப் பார்ப்பதற்கென்றே முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்த ஒரு வாட்ஸாப் குழு இருந்தது.

குழுவைத் தொடங்கியவள் கோகிலவாணி. மாவு மில் நடத்துகிறாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கண்ணிமையில் எப்போது பார்த்தாலும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்.

அவளிடம் நட்சத்திரம் பார்க்கப் படித்தவர் அர்த்தநாரி. வயது அறுபத்தொன்று. பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் அவளை 'அம்மணி' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள். இருந்தாலும் குரு யார், சீடர் யார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் சீடர் மில்லுக்குள் விறுவிறுவென்று வந்தார்.

"அம்மணி, இன்னைக்கும் கேட்டுட்டாங்க."

மிஷின் இரைந்துகொண்டிருந்தது. குரு கம்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே காதைக் காட்டினாள்.

"என்னத்தைங்க சார்?"

"அதேதான். மேக்கால ஒரு வெளிச்சம் மின்னாம நிக்குதே, அது என்னன்னு. எழுபத்திரண்டாவது தடவை. நான் எண்ணீட்டே வர்றேன்."

"யாருங்க கேட்டது?"

"யாரோ ஷர்மிளா பானு. புதுசு. பனியன் கம்பெனி வண்டியில வீட்டுக்கு வர்றப்ப அது கூடவே வருதாம். டிரோனான்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

போனை நீட்டினார். அவர் எழுதியிருந்தது இது:

*எழுபத்திரண்டாவது தடவை. மேலே ஒட்டி வைத்திருப்பதைப் படித்துவிட்டு வரவும்.*

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

*ஷர்மிளா பானு வெளியேறினார்.*

குரு படித்துவிட்டுத் தொட்டியைத் தட்டிவிட்டாள். கம்பு மாவாகி விழுந்துகொண்டிருந்தது.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குழு உச்சியில ஒட்டி வச்சாச்சு அம்மணி. ஏழு வரி. 'அது வெள்ளிக் கோள், மாலையில் மேற்கே தெரியும்'னு மொத வரியிலயே இருக்குது. ஒருத்தராவது படிச்சாங்களா? முப்பத்தொரு வருசம் பஸ் ஸ்டாண்டுல இதே கதைதான். 'கரூர் வண்டி எப்பங்க, கரூர் வண்டி எப்பங்க.' எம் பின்னாடி அவ்வளவு பெரிய போர்டு!"

"போர்டு இருக்கறப்ப உங்களை எதுக்குங்க கேட்டாங்க?"

"போர்டுல இருக்கறது நேரம் அம்மணி. இன்னைக்கு வண்டி வருதா இல்லியான்னு போர்டுக்கு என்ன தெரியும்? நாந்தான் வெளிய எட்டிப் பாத்துச் சொல்லோணும்."

சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

குரு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சிரிக்காத. ஒரு விதி போடு. ஒருக்கா சொன்னதைத் திருப்பிக் கேட்டா, கேட்டவங்க வெளியே. முடியாதுன்னா நான் வெளியே."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் மணி கேட்கக்கூட ஆள் கிடையாது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இந்தக் குழுவை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. அது குருவுக்கும் தெரியும்.

குரு பதில் சொல்வதற்குள் அவள் போன் டிங் என்றது. எட்டிப் பார்த்தாள்.

"எழுபத்திமூணு" என்றாள்.

மிஷினை நிறுத்தினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியேறி மாடிக்குப் போய்விட்டாள்.

"இந்தப் புள்ளைக்கு இதே வேலை" என்றார் கம்பு அரைக்க வந்து டப்பாவோடு நின்ற ஒரு அம்மா. "பாதி அரைச்சிட்டிருப்பா, ஓடிருவா."

கொஞ்ச நேரத்தில் குரு இறங்கி வந்து தட்டச்சு செய்தாள். சீடர் தன் போனில் படித்தார்.

*வெள்ளிங்க. இப்ப எதிர் மாடிச் சுவத்துக்கு மேல ஏழு விரல் உசரத்துல நிக்குது. பக்கத்துல ஒரு தென்ன மட்டை ஆடுது. நீங்க எங்கிருந்து பாக்கறீங்க?*

"ஏன் அம்மணி, அது வெள்ளின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"அப்புறம் எதுக்கு மேல போனே?"

"பாக்கறதுக்குங்க."

சீடர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"விதி போட்டுக்கலாங்க சார்" என்றாள் குரு. "அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் சாயங்காலம் இங்க வந்து உக்காருங்க. வர்ற கேள்வி பூரா உங்களுக்கு. ஒரு கேள்விக்கு ஒருக்கா மாடியேறோணும். பாத்துட்டுத்தான் பதில் எழுதோணும். அவ்வளவுதான்."

"எத்தனை படி?"

"இருபத்திரண்டுங்க."

சீடர் தன் முழங்காலைப் பார்த்தார். விதியை நினைத்துக்கொண்டு சம்மதித்தார்.

முதல் நாள் நான்கு கேள்வி வந்தது. நான்கு தடவை ஏறினார். நான்கு தடவையும் திட்டிக்கொண்டே ஏறினார்.

மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் அவரால் எதையும் பார்க்க முடியாது. ஆறு நாற்பத்தைந்துக்குக் கையை நீட்டி, சுவரிலிருந்து விரலை அடுக்கினார். ஏழு விரல். எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அதே ஆறு நாற்பத்தைந்து. ஆறரை விரல்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடுக்கினார். ஆறரைதான்.

தடதடவென்று இறங்கி வந்தார்.

"அம்மணி! வண்டி முன்னாடியே கிளம்புது!"

"எந்த வண்டிங்க?"

"வெள்ளி! நேத்து இந்நேரத்துக்கு ஏழு விரல். இன்னைக்கு அரை விரல் கொறையுது!"

"அப்படிங்களா?" என்றாள் குரு, கேள்விப்படாததைக் கேட்பவள் போல.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்கே வந்து உட்கார்ந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு நாற்பது. கேள்வி வரவில்லை.

ஆறு நாற்பத்திரண்டு. குழுவில் யாரோ காலை வணக்கம் படம் போட்டார்கள், சாயங்காலத்தில்.

"யாரும் கேக்கல அம்மணி."

"ஆமாங்க. நீங்க எழுபத்திரண்டுன்னு சொன்னதுல இருந்து புதுசா யாரும் வாயே தொறக்கறதில்லை. இந்த ரெண்டு நாளும் கேட்டது பூரா பழைய ஆளுங்க."

"சரி, நான் சும்மா மேல போய்ப் பாத்துட்டு..."

"கேட்டாத்தானுங்க சார். அதுதானே பேச்சு."

ஆறு நாற்பத்து மூன்று. சீடர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கம்பு டப்பா அம்மா இன்றைக்கு மிளகாய் அரைக்க வந்திருந்தார். அவரிடம் போனார்.

"ஏனுங்க, நீங்க ஒண்ணு கேளுங்களேன்."

"என்னத்தைக் கேக்க?"

"மேக்கால ஒரு வெளிச்சம் மின்னாம நிக்குதே, அது என்னன்னு."

"எனக்கெதுக்கு அது?"

"ஒருக்காக் கேளுங்க. புண்ணியமாப் போகும்."

அந்த அம்மா மிளகாய் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "மேக்கால நிக்குதே, அது என்ன..."

சீடர் மூன்றாம் படியில் இருந்தார்.

"அட, முழுசாக் கேக்க விடுங்க!" என்று அந்த அம்மா கத்த, மில்லே சிரித்தது.

ஆறு விரல்.

நான்காம் நாள் மேகம். கேள்வி ஒன்று வந்தது. சீடர் ஏறிப் போய்க் கால் மணி நேரம் நின்றார். மேற்கே சாம்பல் பூசினாற்போல் இருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தடவை எழுதி அழித்தார். கடைசியில் எழுதினார்:

*வெள்ளிதானுங்க. ஆனா இன்னைக்கு நான் பாக்கல. மேகம்.*

இறங்கி வந்து குறிப்பு நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டார். பிறகு கேட்டார்.

"அம்மணி, தினமும் அரை அரை விரலாக் கொறைஞ்சா, இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்ல அது அங்க இருக்காதே?"

"இருக்காதுங்க."

"நான் ஒட்டி வச்சதுல 'மாலையில் மேற்கே தெரியும்'னு இருக்குது."

"ஆமாங்க."

குரு தன் போனை எடுத்து யாருக்கோ ஏதோ தட்டினாள். சீடர் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.

கேள்வி எதுவும் வரவில்லை. பதிலாக ஒரு பெண் வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் ராகித் தூக்குவாளி. ராகியைக் குருவிடம் கொடுத்துவிட்டு நேரே சீடரிடம் வந்தாள்.

"சார், மேக்கால ஒரு வெளிச்சம் மின்னாம நிக்குது. அது என்னங்க சார்?"

"வாம்மா, வா" என்று அவர் படியை நோக்கி நடந்தார். முழங்கால் ஞாபகமே இல்லை.

"இதைக் குழுவுல கேட்டேங்க சார்" என்றாள் அவள், பின்னாலேயே ஏறிக்கொண்டு. "ஒரு ஆளு இருக்காரு பாருங்க, எழுபத்திரண்டாவது தடவைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லீட்டாரு. வண்டியில எல்லாரும் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. அப்புறம் நான் ஜன்னல் பக்கம் உக்காரவே இல்லைங்க. நேத்து வாணியக்காதான் மெசேஜ் போட்டாங்க, 'ராகி கொண்டாங்க, இங்க ஒருத்தர் மாடிக்குக் கூட்டீட்டுப் போய்க் காட்டுவாரு'ன்னு."

பதினாறாம் படியில் சீடர் நின்றுவிட்டார்.

"என்னாச்சுங்க சார்? மூச்சு வாங்குதா?"

"அந்த ஆளு நாந்தாம்மா."

ஷர்மிளா பானு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மீசையில் மாவு. சட்டைப் பையில் குறிப்பு நோட்டு. வியர்த்து வழிகிற நெற்றி.

"நீங்களா?" என்றாள். "படிக்கறப்ப ஆளு இன்னும் பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

சீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். மீதி ஆறு படியையும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

ஆறு நாற்பத்தைந்து. ஐந்து விரல்.

அவள் கையைப் பிடிக்காமல், தன் கையை நீட்டிக் காட்டினார். அவளும் நீட்டி அடுக்கினாள். ஐந்து விரல்தான்.

மாடி மூலையில் குருவின் தொலைநோக்கி மாவுச் சாக்கால் மூடியிருந்தது. அவர் அதில் நிலாவைப் பார்த்திருக்கிறார், சனியைப் பார்த்திருக்கிறார். வெள்ளியைப் பார்த்ததில்லை. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே.

சாக்கை எடுத்தார். தொலைநோக்கியை வெள்ளிப் பக்கம் திருப்பி வைத்தார். "பாரும்மா."

அவள் குனிந்தாள்.

"ஐயோ!"

"என்னம்மா?"

"நிலா சார்! குட்டி நிலா! வளைஞ்சிருக்குது!"

"அது வெள்ளிம்மா."

"வெள்ளியோ என்னமோ, பிறை சார்! நீங்களே வந்து பாருங்க!"

பார்த்தார்.

நகத்தை வெட்டிப் போட்டாற்போல் ஒரு துளி வெளிச்சம், வளைந்து, நடுங்கிக்கொண்டு நின்றது.

அவர் ஒட்டி வைத்த ஏழு வரியில் இது இல்லை.

நிமிர்ந்து ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே குனிந்தார். பஸ் ஸ்டாண்டில் மைக் வேலை செய்யாத நாட்களில் கூவிய அதே குரலில் கூவினார்:

"அம்மணி! மேக்கால ஒண்ணு வளைஞ்சு நிக்குதே! அது என்ன?"

கீழே மிஷின் நின்றது.

இருபத்திரண்டு படியிலும் காலடிச் சத்தம் கேட்டது. குரு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை வைத்து, நிதானமாகப் பார்த்தாள். நிமிரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"வெள்ளிங்க சார்" என்றாள். "நிலா மாதிரியே அதுவும் தேயுங்க."

மிஷின் நின்றால் சும்மா இருப்பார்களா? மிச்ச மிளகாயையும் அரைத்து வாங்கிய மிளகாய் அம்மா டப்பாவோடு ஏறி வந்தார். அரிசி மாவுக்காரர் வந்தார். பக்கத்து டெய்லர் கடையில் இருந்து இரண்டு பேர், ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டே வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

சீடர் கையைக் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டார்.

"பயணிகள் கவனத்திற்கு! மேற்கே செல்லும் வெள்ளி, சுவருக்கு மேலே நாலு விரலில் நின்றுகொண்டிருக்கிறது! இன்னும் பத்து நாளைக்குத்தான் இந்த நேரம்! அதற்குப் பிறகு..."

குருவைப் பார்த்தார்.

"கிழக்கால, விடியக்காலைல" என்றாள் குரு மெதுவாக.

"அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து விடியற்காலையில் புறப்படும்! வரிசையாக வரவும்!"

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஐயோ என்றார்கள். ஒவ்வொரு ஐயோவுக்கும் சீடர், தானே வெள்ளியைச் செய்து வைத்தவர் போலத் தலையாட்டினார்.

ஷர்மிளா பானுவின் போன் இரண்டு மூன்று தடவை டிங் என்றது. அவள் எடுத்துப் பார்த்தாள். அவளைக் குழுவில் மறுபடி சேர்த்திருந்தார்கள்.

"சேத்தது யாருன்னு பாத்தியா?" என்றார் சீடர், தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

"பாத்தேன் சார்" என்றாள். "மேல ஒட்டி வச்சிருந்ததைக் காணமே?"

"அது பழசும்மா."

ராகி மாவு வாங்க அவள் கீழே போனாள். மிஷின் மறுபடி இரையத் தொடங்கும் முன் குரு படியில் பாதி இறங்கித் திரும்பிக் கேட்டாள்.

"அஞ்சு நாள் முடிஞ்சுதுங்க சார். அந்த விதி?"

"இங்க வெளிச்சம் பத்தல அம்மணி. இன்னொரு நாளைக்கு எழுதிக்கலாம்."

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் மிளகாய் அம்மா மட்டும் நின்றார்.

"ஏனுங்க" என்றார், "அது என்னன்னு சொன்னீங்க? மறந்தே போச்சு."

சீடர் மேற்கே திரும்பி எட்டிப் பார்த்தார். சுவருக்கு மேலே ஒன்றும் இல்லை. தென்னை மட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பத்தானுங்க போச்சு" என்றார். "நாளைக்கு வந்து கேளுங்க."

அந்த அம்மா சரி என்று தலையாட்டி, மிளகாய்ப் பொடி டப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.