பிடித்துக்கொண்ட ஹேண்ட் பிரேக்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு ஏற்றுகிற பிக்கப் வண்டி ஒன்றுக்குச் சொந்தக்காரி தவமணி. வண்டி அவள் வாசலில், சரிவில் நிற்கும். நேர் கீழே வரிசையாக வீடுகள். மழை பிடித்ததிலிருந்து அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் உயிரை வாங்கியது. இரவில் போட்டால் காலையில் விடாது. பின்சக்கரங்கள் இறுகி நிற்கும்.

மெக்கானிக் சலீம் இரண்டு தடவை தட்டிச் சரிசெய்தார். "கேபிள்ல துரு ஏறிடுச்சு. மாத்தினாத்தான் தீரும். அதுவரைக்கும் பஸ் ஸ்டாப் பக்கம் சமதளத்துல, பிரேக் போடாம, கியர் மட்டும் போட்டு நிறுத்துங்க" என்றார்.

கேபிள் மாற்ற வண்டியைப் பட்டறையில் விட வேண்டும். அறுவடை முடியட்டும் என்று தவமணி தள்ளிப்போட்டாள். பஸ் ஸ்டாப் வரை மூட்டை சுமக்கவும் அவளுக்கு மனமில்லை. டிரைவர் குருசாமியிடம், "வாசல்லயே நிறுத்து. ஹேண்ட் பிரேக்கை மட்டும் தொடாதே" என்றாள்.

"சரிவாச்சேக்கா."

"சொன்னதைச் செய்."

அதன்பின் பிரேக் இறுகிக்கொண்டது என்ற பேச்சே எழவில்லை.

நிறைமாதக் கர்ப்பிணியாக அவள் வீட்டில் தங்கியிருந்த தங்கை காளீஸ்வரிக்கு ஒரு விடியற்காலையில் வலி கண்டது. குருசாமி ஓடிவந்தான். அவளை ஏற்றிய பிறகும் வண்டி நகரவில்லை. அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தான்.

"பிரேக் போட்டியா?"

"தினமும்தான் போடுறேன். நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள வந்து தட்டி விட்டுருவேன்."

தவமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் வண்டியை வச்சுக்கிட்டு என்னையே ஏமாத்தினியா?"

"கீழ பிள்ளைங்க தூங்குதுக்கா. சக்கரத்துக்குக் கல்லு வச்சும் பார்த்தேன், ஈர மண்ணுல நழுவுது. வெறும் கியரை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது?" அவன் குரலிலும் கோபம்தான் இருந்தது.

அந்த வழியே வந்த பால் வண்டி காளீஸ்வரியை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன், மலை வளைவில், வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு உயிரும் தப்பியதே பெரிய காரியம். அன்றே தவமணி குருசாமியை வேலையிலிருந்து நிறுத்தினாள்.

பிரேக்கைப் போட்டவன் மேல் குற்றமா, போடாதே என்றவள் மேல் குற்றமா? இதில் யார் செய்தது சரி?

விடை: பிரேக் போட்டதில் குருசாமி சரி, சரிவில் வண்டியை வெறும் கியரில் விடச் சொன்னதை அவன் கேட்காததே நியாயம். மறைத்ததுதான் அவன் தப்பு. அவசரத்துக்கு அந்த வண்டியை நம்பி ஒரு கர்ப்பிணி அங்கே இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பெரிய குற்றம் தவமணியுடையது. சலீம் சொன்னதில் தனக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டவன் வாயையும் அடைத்தாள். அவனை நிறுத்த அவளுக்கு நியாயமில்லை. காளீஸ்வரி இருவரையும் மன்னிக்கவில்லை. பிள்ளையோடு அக்கா வீட்டுக்குத் திரும்பாமல், ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறிப் புருஷன் ஊருக்குப் போய்விட்டாள்.