எங்கே பார்த்தீர்கள்?

“இந்த ஜீன் சும்மா இருக்கு, மேடம். தண்டத்துக்கு இருக்கு. நான் விலகிக்கிறேன்.”

தனுஷ்கோடி செல் வளர்க்கும் தட்டை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. போட்டார் என்பதே சரி.

மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் அவர். வழிகாட்டி ரேணுகாதேவி வயதில் அவரைவிடச் சின்னவர். இந்தப் பருவத்துக்குள் ஏதாவது ஒரு முடிவு காட்டாவிட்டால் பதிவு ரத்து. பட்டம் போனால் வேலையும் சந்தேகம்தான்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழைகளால் ஆன சட்டகம் உண்டு, பந்தலுக்குக் கால் மாதிரி. அந்த இழைகளை இழுத்துப் பிடிக்கும் புரதம் ஒன்று. அதை உண்டாக்குவது இந்த ஜீன். பழுதானால் இதயம் தளர்ந்துவிடும் என்று படித்துத்தான் இதில் இறங்கினார்.

ஜீனை வெட்டி எடுத்தால் பந்தல் சரிய வேண்டும். எத்தனை முறை வெட்டினாலும் அது பாட்டுக்கு நின்றது.

“எங்க பாத்தீங்க, சார்?” என்றார் ரேணுகாதேவி.

தனுஷ்கோடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரும்போதெல்லாம் இதே கேள்வி. முதல்முறை கேட்டபோது, இங்கிருக்கும் மைக்ரோஸ்கோப் போதாது போலிருக்கிறது என்று கோயம்புத்தூருக்கு ஓடினார். அடுத்த முறை பெங்களூரு.

“இன்னும் எங்கதான் போய்ப் பாக்கச் சொல்றீங்க? சிங்கப்பூருக்கா?”

ரேணுகாதேவி செல்போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். ஏதோ கேட்டார், சிரித்தார், செல்லமாகக் கோபித்துக்கொண்டார். தனுஷ்கோடிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

இங்கே ஒரு மனுஷனின் பிழைப்பே கவிழ்ந்து கிடக்கிறது, இந்த அம்மாளுக்கு அரட்டை! வேறு யாராவது என்றால் வெளியே நடந்திருப்பார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சு முடிந்தது.

“அது என்ன பாஷை?”

“சௌராஷ்டிரா. வீட்ல பேசுறது.”

“இத்தனை வருஷமா உங்ககிட்ட வர்றேன், அதுல ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லையே! உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது.”

“எங்க கேட்டீங்க, சார்?”

“எங்கன்னா? இங்கதான். இந்த லேப்புலதான்…”

வாய் பாதியில் நின்றது.

குனிந்து தட்டைப் பார்த்தார். சிறுநீரகச் செல்கள். வளர்க்கச் சுலபம் என்று அவராகவே தேர்ந்தெடுத்தவை. முதல் நாளிலிருந்து அவற்றில்தான் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த ஜீன் வாய் திறப்பதோ இதயத்தில்.

காது சிவந்தது.

“மேடம்… இதயத்துச் செல்லு இருக்கா?”

ரேணுகாதேவி குளிர்பெட்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

“ஏன் சார், சிங்கப்பூர் போகலையா?”