ம் கொட்டாத பெட்டி

ஒரு மலைக்குடியில், பொதுக் குடிசைக்குள் ஒரு டிவி வந்து இறங்கியது. அடிவாரத்துச் சபையின் ஊழியக்காரர் சீலாஸ் பிரதர் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கூரைமேல் டிஷ்ஷும் சோலார் தகடும் மாட்டினார். "சனம் உன்னைப் பார்க்கலைன்னா அடுத்த ஊருக்குத் தூக்கிருவேன்" என்று பெட்டியைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு அது சிரிப்பு, டிவிக்கு அது மிரட்டல். ஊர் ஊராகத் தூக்கிப்போடப்பட்டு அலுத்த பெட்டி அது.

ஆனால் முதல் நாளே குடிசை நிரம்பியது. திரையில் போதகர் பேசப் பேச, சனம் மொத்தமும் "ம்... ம்..." கொட்டியது. டிவிக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தாயா என் மவுசை!" என்றது பக்கத்திலிருந்த அடுப்பிடம்.

"அவசரப்படாதே. இங்கே ஒருத்தர் பேசி முடிச்சா, அடுத்து கேட்டவங்க பேசுவாங்க. அப்போ நீ ம் கொட்டணும். அதுதான் இந்த ஊர் மரியாதை" என்றது அடுப்பு.

பிரசங்கம் முடிந்ததும் மருதி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஆடியில் மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். "ஐயா, எம்புள்ள கடைசியா தண்ணி கேட்டா. நான் சுனைக்குப் போயி வர்றதுக்குள்ள..." என்று நிறுத்தி, ஒரு ம்முக்காகக் காத்திருந்தாள்.

டிவி முக்கிப் பார்த்தது. ஐயோ, ஒரே ஒரு ம்! வந்ததோ கைத்தட்டலும் பாட்டும்தான். மருதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து திரைப் பக்கம் ஈ காக்காய்கூட எட்டிப்பார்க்கவில்லை.

"நான் என்னதான் செய்ய? எனக்கு வாயை மட்டும்தானே வைத்தார்கள்!" என்று டிவி புலம்பியது.

மழை பிடித்து, வெயிலே காணாத ஒரு நாளில் பிரதர் வந்தார். பொத்தானை அழுத்தினார், பெட்டி இருண்டே கிடந்தது. போச்சு, தூக்கப்போகிறார் என்று நடுங்கியது டிவி. அந்நேரம் அடுப்பில் நெருப்பெடுக்க மருதி வந்தாள். சும்மா நின்ற பிரதர், "ஏங்க்கா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டுவைத்தார்.

மருதி முதலிலிருந்து சொன்னாள். பிரதர் அடுப்போரம் உட்கார்ந்து "ம்" என்றார். பேச்சு சுனைவரைக்கும் வந்து நின்றது. அப்போதும் "ம்" என்றார். மகள் போனபின் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

கிளம்பும்போது பிரதர் டிவியைத் தூக்கக் குனிந்தார். மருதி தடுத்தாள்.

"இருக்கட்டும்ணா. அதுல பேசுறவர ஒருநா இங்க கூட்டியாங்க. பாவம், வீட்டுல ம் கொட்ட ஆளில்ல போல, அதான் மனுசன் மூச்சுவிடாம பேசுறாரு. நாங்க கேக்கறோம்."