பால் காய்ச்சாத சமையல்கட்டு

வாய்க்கால் மதகடியில் ஒரு பழைய பம்புசெட்டு அறை உண்டு. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, ஒரு சாமி வந்து அதில் தங்கிவிட்டார். சாமி என்றால் சடையோ தாடியோ கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஆள். நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துண்டு. கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குச் சீடர் என்று இருந்தது ஒரே ஒருவர்தான், சென்னியப்பன். சீடர் குருவைவிட ரொம்பப் பெரியவர், அறுபதைத் தொட்டுவிட்டவர். அதனால் குரு சீடரை 'அண்ணா' என்பார், சீடர் குருவை 'சாமி' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

தினமும் மத்தியானம் சாமிக்குச் சோறு போவது சென்னியப்பன் வீட்டிலிருந்துதான். சமைப்பவள் அவர் மனைவி மயிலாத்தாள். தூக்குப்போசியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவரே வருவார். அது ஒரு நாள் தப்பியதில்லை.

அன்றைக்கு அவர் காலையிலேயே வந்தார், வெறுங்கையோடு.

"சாமி, ஒரு சமையல்கட்ட இடிச்சு மாத்திக் கட்டோணும்னா எத்தன நாள் ஆகுமுங்க?"

சாமி தண்ணீரிலிருந்து பார்வையைத் திருப்பினார். "மேஸ்திரிகிட்டக் கேக்க வேண்டியத எங்கிட்டக் கேக்கறீங்களே அண்ணா."

"மேஸ்திரி சொன்ன நாளெல்லாம் போயே போச்சுங்க."

கீழே உட்கார்ந்து ஆதியோடு அந்தமாகச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மயிலாத்தாள் வெந்தது ஒரு இருட்டு அடுப்படியில். புகை போக வழி கிடையாது. ஒரு நாளாவது அவளை வெளிச்சத்தில் நின்று சமைக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தை பிறந்ததும் பழைய கட்டை இடித்தார். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், அவளுக்கு மூன்று செங்கல்லை வைத்து அடுப்புக் கூட்டிக் கொடுத்தார். மேலே ரெண்டு தகரம். பத்தே நாள் பொறுத்துக்கோ என்றார்.

சென்னியப்பன் லாரிகளுக்கு எடைமேடை வைத்திருந்தவர். ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராத மனுஷன். அந்தக் கண்ணோடு சமையல்கட்டைப் பார்த்தார். மேடைக் கல்லில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நிறம் சேரவில்லை, பெயர்த்தார். அடுப்பு அக்கினி மூலைக்கு வரவேண்டும் என்று ஜோசியர் சொன்னார். ஜன்னலை அடைத்து வேறு பக்கம் திறந்தார். சுவரில் பதித்த டைல்ஸில் ஒரு பூ தலைகீழாக நின்றது; வரிசை முழுக்க உடைத்தார். மேஸ்திரி வேலையை விட்டுப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். டீக்கடையில், 'சென்னியண்ணன் சமையல்கட்டுக் கட்றாரா, அணை கட்றாரா' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தை போய்ப் பங்குனி போயிற்று. ஆடிக் காற்றில் பொடக்காலித் தகரம் பறந்தது. மாட்டிக் கொடுங்களேன் என்று மயிலாத்தாள் ஒருமுறை கேட்டாள். பத்தே நாள், அதற்குள் உள்ளேயே வந்துவிடலாம் என்றார். அவள் அப்புறம் கேட்கவில்லை. இப்போது ஐப்பசி.

"முந்தாநேத்துப் பொட்டியில சேலையெல்லாம் எடுத்து வெச்சுட்டாளுங்க சாமி. இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுக்குப் பெருந்துறையில புள்ள வீட்டுக்குப் போறாளாமா. கட்டி முடிச்சுட்டுச் சொல்லி விடுங்க, உசுரோட இருந்தா வந்து பாக்கறேங்கறா."

"சண்டை போட்டாங்களா?"

"போட்டாப் பரவால்லீங்களே. சிரிச்சுக்கிட்டே சொல்றாளுங்க. அதான் பயமா இருக்குது."

சென்னியப்பன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வந்த காரியம் இதுதான். சாமி ஒரு நாளைக் குறித்துச் சொல்ல வேண்டும். சாமி வாக்கை மயிலாத்தாள் தட்டமாட்டாள். அந்த நாள்வரை ஊரைவிட்டுப் போகமாட்டாள். ஒருதரம் போய்விட்டால், வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

சாமி மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பொடக்காலியிலயா சமைக்கறாங்க?"

"ஆமாங்க."

"தையில இருந்தா?"

"ஆமாங்க சாமி."

"அப்ப நான் சாப்பிட்டதெல்லாம்?"

"அதுவும் அங்கதானுங்க வெந்தது."

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க, போலாம்."

சென்னியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமி யார் வீட்டுக்கும் போனவர் அல்ல. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். வழியில் வானம் கருத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாமியை நேரே புதுச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். மேடைமேல் கிடந்த பிளாஸ்டிக் தாளை மெல்ல, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல விலக்கினார்.

சாமி அசந்துதான் போனார். கறுப்புக் கல் கிணற்றுத் தண்ணீர்போல் கிடந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் நேரே அடுப்பு வைக்கும் இடத்தில் விழுந்தது. ஒரு கோடு கோணல் இல்லை. சென்னியப்பன் ரசமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினார். உள்ளே இருந்த நீர்க்குமிழி நட்டநடுவில் போய் நின்றது.

"மழை பெஞ்சா ஒழுகுமுங்களா?"

"ஒரு சொட்டு எறங்காதுங்க."

"தண்ணி?"

சென்னியப்பன் குழாயைத் திறந்தார். கொட்டியது.

"அடுப்பு?"

அது ஒரு மூலையில் பெட்டியோடு இருந்தது. சிலிண்டரும் பக்கத்திலேயே இருந்தது.

"அப்புறம் என்னங்க குறை?"

"அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி வரோணுமுங்க. கோயமுத்தூர்ல சொல்லியிருக்குது."

"கைப்பிடி இல்லாட்டிச் சோறு வேகாதுங்களா?"

"அதுக்கில்லீங்க சாமி. இன்னும் பால் காய்ச்சல." சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். அரைகுறையாக நிற்கிற இடத்தில் பால் காய்ச்சினால் அந்தக் குறை குடும்பத்தைவிட்டுப் போகாது, அவர் நம்பிக்கை அது. பால் பொங்காத இடத்தில் உலை வைக்கலாமா? ஆகவே எல்லாம் முடியட்டும். ஒரு நல்ல நாள் பார்த்து, சாமி கையால் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கி வழிவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் மயிலாத்தாளை உள்ளே கூட்டி வரவேண்டும். "அதுவரைக்கும் அவளை இதுக்குள்ள காலெடுத்து வெக்க வேண்டாம்னு சொல்லியிருக்கறனுங்க."

அப்போதுதான் மழை பிடித்தது. முதலில் ஓட்டில் நாலு தட்டு. பிறகு ஒரே இரைச்சல்.

சாமி பின்வாசல் பக்கம் திரும்பினார். கட்டட வேலை நடந்த நாளெல்லாம் அந்த வாசல் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. சோறு ஆனதும் மயிலாத்தாள் பக்கத்துச் சந்து வழியாக வந்து திண்ணைமேல் தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போவாள். சென்னியப்பன் பொடக்காலிப் பக்கம் போய் ரொம்ப நாளாயிருந்தது.

சாமி தார்ப்பாயை விலக்கினார்.

மழைக்கு நடுவில் ஒரு தீ எரிந்துகொண்டிருந்தது.

சுவர் இல்லை, கூரை இல்லை. சேற்றில் மூன்று செங்கல். மேலே ஒரு பானை. மயிலாத்தாள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் குடை. குடை அவளுக்கு மேல் இல்லை, அடுப்புக்கு மேல் இருந்தது. அவள் முதுகில் மழை அருவியாக இறங்கியது. ஈரச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது, தலைமயிர் கன்னத்தில் கிடந்தது. அவள் அதையெல்லாம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தால் குடை மேற்கே சாய்ந்தது. காற்று திரும்பினால், திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே குடையும் திரும்பியது. எப்படித் தெரிந்ததோ. வலது கை விறகை ஒரு விரற்கடை உள்ளே தள்ளும், பானை மூடியை விலக்கும், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கும். தீ ஒருமுறை படுத்தது. அவள் குனிந்தாள், ஊதினாள். தீ எழுந்து உட்கார்ந்தது.

முப்பத்தஞ்சு வருஷமாக அவள் போட்ட சோற்றை அவர் உண்டிருக்கிறார். ஒரு சோறு எப்படி ஆகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். தன் கையிலிருந்த ரசமட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சாமி தோளிலிருந்த துண்டை எடுத்தார். கோயிலுக்குள் நுழைகிறவர்கள் கட்டுவதுபோல இடுப்பில் சுற்றிக் கட்டினார். பிறகு படியில் நின்றபடி, தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா, உள்ள வரலாங்களா?"

மயிலாத்தாள் திரும்பினாள். சாமியைக் கண்டு பதறவில்லை. கையை விட்டுவிட்டு எழ முடியாத வேலை.

"வாங்க சாமி. பாத்து வாங்க, நம்ம அடுப்படியில கொஞ்சம் வழுக்கும்."

சாமி மழைக்குள் இறங்கினார். அவள் அருகில் போய்க் குடையை வாங்கிக்கொண்டார். அடுப்புக்கு மேலேயே பிடித்தார். தனக்கு ஒரு ஓரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மயிலாத்தாள் இடது கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். "மழை நாள்ல ரெண்டு கையும் சேந்து வேல செஞ்சு எத்தன காலமாச்சுங்க சாமி. இந்தக் கை எனக்கிருந்ததே மறந்துபோச்சு." சிரித்துக்கொண்டே பானையை இறக்கிக் கஞ்சி வடிக்கச் சாய்த்தாள்.

படியில் நின்ற சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. குருவானவர் மழையில் நிற்கிறார். வேட்டி சேறாகிறது.

"சாமி, நனையறீங்களே. உள்ள வந்துருங்க சாமி."

"உள்ளதானுங்க நிக்கறேன்," என்றார் சாமி. "நீங்கதான் அண்ணா, வெளிய நிக்கறீங்க."

சென்னியப்பன் அந்த வார்த்தையைக் கேட்டார். பின்னால் கறுப்புக் கல் மேடை பளபளத்தது. முன்னால் மழை. எதற்கு நடுவில் நிற்கிறோம் என்றே ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. ரசமட்டத்தைப் படியிலேயே போட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. விழாவிட்டால் போகட்டும் என்று இறங்கினார்.

சேறு கணுக்காலைப் பிடித்தது. மயிலாத்தாள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வடித்த சோற்றை மூடிவைத்துவிட்டுக் குழம்புச் சட்டியை ஏற்றினாள். அவர் வந்து நின்றதும், உட்கார்ந்தபடியே ஓர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

சாமி குடையை அவரிடம் கொடுத்தார்.

"அப்படியில்லீங்க, சாச்சுப் புடிங்க," என்றாள் மயிலாத்தாள். "காத்து தெக்க திரும்பப்போகுது."

திரும்பியது. அவர் சாய்த்தார். சட்டியில் குழம்பு மெல்ல முனகத் தொடங்கியது. பொட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்து, யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி, ராத்திரிக்கு மாவு கொஞ்சம்தான் இருக்குது, ரெண்டு பேருக்குப் பத்தாது, உப்புமாதான் கிண்டோணும் என்றாள்.

ரெண்டு பேருக்கு. சென்னியப்பன் குடைக் காம்பை இறுக்கிப் பிடித்தார். மழைத் தண்ணீர் கண்ணில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. குடை ஆடிவிடுமே.

"சாமி," என்றார். "நான் காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே. சமையல்கட்டு முடிய எத்தன நாளுங்க ஆகும்?"

சாமி நனைந்த முகத்தோடு பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் படியில இருந்து இங்க வர உங்களுக்கு எவ்வளவு நேரமுங்க ஆச்சு?"

சென்னியப்பன் படியைப் பார்த்தார்: நாலே எட்டு; வந்து சேரத்தான் தையிலிருந்து ஐப்பசி ஆகியிருந்தது. காற்று திரும்பிக்கொண்டிருந்தது. குடையைச் சாய்த்தார்.