ஆந்தைச்சாமியின் வட்டம்

மணப்பாறையில் மளிகைக் கடை வைத்திருந்த மருதையன், கடையையும் வீட்டையும் மனைவி தலையில் கட்டிவிட்டு, மந்திரம் படிக்கக் கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தான். ஒரு மண்டலம் இருந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. அதற்குள் மாம்பழக் காலம் இரண்டு தடவை வந்து போய்விட்டது.

அவனுடைய குரு சத்திரத்தம்மாள். அறுபதைத் தாண்டிய மனுஷி. ஓடைக்கரையில் ஒரு ஓட்டு வீடு, ஒரு மாடு, சில கோழிகள். விடியுமுன் காவலுக்கு எட்டுத் திக்கையும் மந்திரம் சொல்லிக் கட்டி, தரையில் திருநீற்றால் வட்டம் போட்டு, நடுவில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லுவாள். பாடம் அவ்வளவுதான். அவ்வப்போது, "ஊருக்கு ஒரு நடை போயிட்டு வா, மருதையா" என்பாள். குரு சோதிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு அவன் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வான்.

தீட்சை கேட்டு நச்சரித்ததில், "அமாவாசைக்குப் பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தாள். அதற்கு முந்தின நாள் காலை, பூஜைச் சாமான் வாங்க மருதையன் கீழே கடைத்தெருவுக்குப் போனான்.

அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். கிடைத்த உடனே அடித்தது. மகள்.

"அப்பா, எப்பப்பா வருவீங்க?"

"சாமி காரியம் கண்ணு. முடிச்சுட்டு வந்துடறேன்."

வைத்துவிட்டான். சூடம் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்திரத்தம்மா சிஷ்யருங்களா? அந்தம்மா சொல்லித் தர்றது ஆந்தைச்சாமி வித்தையாச்சே. தெரிஞ்சுதான் சேந்தீங்களா?"

ஆந்தைச்சாமி செத்து நாற்பது வருஷம் இருக்கும். ஆனாலும் மனுஷன் ஓயவில்லை. எங்கே யாருக்குப் பில்லி, ஏவல் என்றாலும் அவர் பேரைத்தான் இழுப்பார்கள். கழுத்தில் மண்டை ஓடு மாட்டிச் சுடுகாட்டில் நின்று வீடியோ போடுகிற பையன்கள், எங்கள் குரு அவர்தான் என்கிறார்கள். மடத்துச் சாமியார்களோ அந்தப் பேரைக் கேட்டாலே காறித் துப்புகிறார்கள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பெத்த மகளையே மலைமேல பலி குடுத்த ஆளுங்க அது."

மருதையன் மீதிச் சில்லறையை வாங்க மறந்து நடந்தான்.

திரும்பி வந்தபோது வீடே வேறு வீடாகத் தெரிந்தது. காலையில் சாதுவாகத் திரிந்த கறுப்புக் கோழி இப்போது அவனையே முறைத்தது. பரணில் துணி கட்டியிருந்த பானை நேற்றுவரை ஊறுகாய்ப் பானை. இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறதோ. அம்மாள் அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

மத்தியானம் இலை போட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏன், சோறு எறங்கலையா?"

"பசிக்கலைங்க."

"பசிக்காதவன் எதுக்குக் கொழம்ப மோந்து பாக்கறே?"

மாட்டிக்கொண்டான். இனி மறைக்க முடியாது.

"இந்தத் திருநீத்து வட்டம் யாரு வித்தைங்க?"

"ஆந்தைச்சாமி சொல்லிக் குடுத்தது."

இல்லை என்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். கை இலையிலேயே நின்றது.

"திக்குக் கட்டறதும் அவருதுங்களா?"

"அது அவருக்கு முந்தியே இருக்குது. இப்ப எல்லாத்துக்கும் அவரு பேரு ஒட்டிக்கிச்சு."

"மண்டை ஓடு?"

"கொரங்கு மண்டை. சந்தையில வாங்குனாரு. வேடிக்கை பாக்க வர்ற கூட்டத்த வெரட்டலாம்னு மாட்டுனாரு. கூட்டம் ரெண்டு பங்காச்சு. மனுஷனுக்கும் அது புடிச்சுப் போச்சு."

"பச்சை ரத்தம் குடிப்பாராமே?"

"முட்டை வாசமே ஆகாது அவருக்கு. யாராச்சும் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாரு."

மருதையனுக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூடத் தோன்றியது. ஆனாலும் சந்தேகம் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"பெத்த மகளைப் பலி குடுத்தாருன்னு..."

அம்மாள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

"கழுத்தை அறுக்கல" என்றாள். "தாயில்லாப் புள்ளை. அடிவாரத்துச் சத்திரத்துல படுக்க வெச்சாரு. 'சாமி காரியம் கண்ணு, முடிச்சுட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டு மலை ஏறிட்டாரு."

மருதையன் நிமிர்ந்து பார்த்தான். காலையில் தான் போனில் பேசியது இவள் காதில் விழுந்திருக்க வழியே இல்லை.

"வந்தாருங்களா?"

"வந்தாரு. அதுக்குள்ள அந்தப் புள்ளை சத்திரத்து அடுப்படியிலயே வளந்து ஆளாயிருச்சு. அதுதான் அவருக்குச் சோறு போட்டுச்சு. சாப்புட்டு முடிச்சுட்டு, 'நீ யாரும்மா?'ன்னு கேட்டாரு."

வெளியே மாடு மணியை ஆட்டியது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சத்திரத்துப் பொண்ணுன்னேன்."

அந்தப் பேர் எப்படி வந்தது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷி கையால் சாப்பிடப் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"சாகற வரைக்கும் இந்த வீட்டுலதான் கெடந்தாரு. வட்டம் போடச் சொல்லிக் குடுத்தாரு. நல்லாச் சொல்லிக் குடுப்பாரு."

"அவ்வளவு பண்ணினவரோட வட்டத்தை இன்னமும் போடறீங்களே அம்மா?"

"வட்டத்துல ஒண்ணும் கோளாறு இல்லையே."

அவன் வாங்கி வந்த பை சுவரோரம் இருந்தது. தேங்காய், வெற்றிலை, சூடம், நாளைக்கு உடுத்தப் புது வேட்டி. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆளின் வாடை தன்மேல் எங்கோ பட்டிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதை அலசிக் கழுவிவிட்டுத்தான் தீட்சைக்கு உட்கார வேண்டும்.

"மண்டை ஓடு நம்மகிட்ட இல்லை. ரத்தமும் இல்லை. வட்டத்துலயும் கோளாறு இல்லைங்கறீங்க. அப்பறம் அவருகிட்டருந்து எனக்கு வந்தது என்னதான் அம்மா? சொல்லுங்க, விட்டுத் தொலைக்கறேன்."

அம்மாள் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"உம் மக இப்ப எத்தனாவது படிக்கறா?"

"ஒண்ணாவ..." என்று ஆரம்பித்தான். அது அவன் புறப்பட்டு வந்த வருஷம். அதன் பிறகு பள்ளிக்கூடம் ஒரு தடவை திறந்ததா, இரண்டு தடவையா என்று மனசுக்குள் தேடினான்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள்.