பித்தளை ஆணி

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கோத்தகிரியில் விடியற்காலையிலிருந்தே விடாத தூறல். தகரக் கூரையின்கீழ்க் கட்டிய கொடியில்கூட விரிப்புகள் உலரவில்லை. அந்த நேரத்தில்தான் சலவைக்கூடத்தின் பழைய இயந்திரம் 'டக்' என்று நின்றது. மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது.

படுக்கையைவிட்டு எழ முடியாத முப்பத்திரண்டு பேர் வாழும் விடுதி அது. எந்தத் தேயிலைத் தோட்டத்துத் துரையோ விட்டுப்போன அந்த இயந்திரத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டிவருபவர் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்று. அவரிடம் வேலை கற்க வந்திருந்த திருவேங்கடத்துக்கு அறுபத்து மூன்று; கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

"சீடப்பிள்ளைக்குத் தலை நரைச்சாச்சு, குருவுக்கு ஒரு முடி வெளுக்கலை" என்று சமையல்கார ரோஸி சிரிப்பாள். திருவேங்கடமும் சேர்ந்து சிரிப்பார்.

மறுநாள் காலை ஜெசிந்தா கூடலூர் விடுதிக்கு மாறிப் போகிறார். சலவைக்கூடத்தின் சாவியை யாரிடம் விட்டுச் செல்வார் என்பதை இன்னும் சொல்லவில்லை. திருவேங்கடம் அந்தச் சாவிக்காகவே நான்கு மாதங்களாகக் காத்திருந்தார்.

"மறுபடியும் ஆணிதான், டீச்சர்" என்றார், அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்த திருவேங்கடம்.

பெல்ட் சுற்றும் பெரிய சக்கரத்தையும், கியர் பெட்டிக்குள் போகும் தண்டையும் கோத்து நிறுத்துவது விரல் நீளப் பித்தளை ஆணி ஒன்று. அது துண்டாகிக் கிடந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது.

திருவேங்கடம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"மேட்டுப்பாளையம் லேத்துல சொல்லிக் கடைஞ்சது. அசல் எஃகு. ஆயுசுக்கும் உடையாது. இந்த இடத்துல போய்ப் பித்தளையைப் போட்டிருக்கானே, எந்த மடையன் அவன்?"

ஜெசிந்தா ஆணியை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"கடைசல் சுத்தமா இருக்கு. போடுங்க, ஐயா."

போட்டார். சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"முதல்ல கையால சுத்துங்க."

சக்கரம் கால் சுற்று வந்தது. பிறகு வரவில்லை. திருவேங்கடம் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு பலமாக இழுத்தார். கியர் பெட்டிக்குள் 'நெறுக்' என்றது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"ஏன் விட்டுட்டீங்க?"

"இன்னும் இழுத்தா கியர்ப் பல்லு போயிடும், டீச்சர். போனா மாத்து கியர் எங்கயும் கிடைக்காது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லை."

"உங்க கைக்குத் தெரிஞ்சுது. மோட்டாருக்குத் தெரியுமா?"

திருவேங்கடம் சுத்தியலை எடுத்து, தான் போட்ட எஃகு ஆணியைத் தானே தட்டி வெளியே எடுத்தார்.

"அவன் மடையன் இல்லை. பல்லுக்குப் பதிலா ஆணி உடையட்டும்னுதான் பித்தளை போட்டிருக்கான்" என்றார் கடைசியில்.

"சரி. மூணு தடவை உடைஞ்சிருக்கு. எதனாலன்னு பார்ப்போம்."

ஜெசிந்தா மூடியைத் திறந்து, ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டார். ஒரு தடவைக்கு ஆறு என்பது அந்தக் கூடத்து வழக்கம். ஆறாவதை எடுத்த பிறகும் அவர் கை உள்ளே போயிற்று.

திருவேங்கடம் வாசல் தூறலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பது இருக்கும். நான்தான் போட்டேன். இந்த வாரம் பூரா."

"ம்."

"சீக்கிரமா முடிச்சுக் காட்டினா சாவியைக் குடுப்பீங்கன்னு நினைச்சேன்."

ஜெசிந்தா கையை உதறித் துடைத்துக்கொண்டார்.

"புதுப் பித்தளை ஆணி மேல்தட்டுல இருக்கு. மாட்டுங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள இன்னும் மூணு ஈடு போடலாம்."

சாவியைப் பற்றி அன்று வேறு பேச்சு எழவில்லை.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. ஐந்தரைக்கு ஜெசிந்தா கூடத்தைத் திறந்துவைத்தார். திருவேங்கடம் ஆறு விரிப்புகளை இரண்டு முறை எண்ணிப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். ஆறு இருபது பேருந்துக்காக இருவரும் விடுதி வாசலுக்கு வந்து நின்றபோது, அதன் சீரான ஓசை அங்கேயும் கேட்டது.

"அந்த எஃகு ஆணியை என்ன செஞ்சீங்க?"

"கதவுப் பக்கத்துல சுவத்துல அடிச்சு, என் குடையை மாட்டிட்டேன். ஆயுசுக்கும் வளையாது, டீச்சர்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இதையும் அதிலேயே மாட்டிடுங்க."

திருவேங்கடம் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஜெசிந்தா தம் பையிலிருந்து பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார். கழுத்துவரை பித்தளைத் துண்டுகள். அடியில் கிடந்தவை கறுத்துப்போயிருந்தன. நேற்று உடைந்தது மேலே மின்னியது.

பேருந்து வந்து நின்றது. ஜெசிந்தா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருவேங்கடம் ஜாடியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

"இத்தனை தடவையா இந்த மெஷின் கெட்டுப்போச்சு?"

"ஒரு தடவைகூட இல்லை, ஐயா."