அடுத்த படகில் கேட்ட கூச்சல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தி எஸ்தர் பாக்கியம். என் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஜெபம் செய்து முடித்தோம். அப்புறமும் உள்ளேயிருந்து ஒரு தகவலும் வரவில்லை. "சும்மா இருந்தா மனசு கெடந்து அடிச்சுக்கும். ஒரு கதை சொல்றேன், கேளுங்க" என்றார். அவர் சொன்னதை என் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன்.

ஒரு பெரிய ஏரி. பெரிய ஏரி என்றால் நம் ஊர்க் குளம் மாதிரி நினைக்கக் கூடாது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை கண்ணுக்குத் தெரியாது. கடல் மாதிரி அலை அடிக்கும். ஆனால் தண்ணீரை அள்ளி வாயில் விட்டால் உப்பே இருக்காது! அந்த ஏரியில் சால்மன் என்று ஒரு மீன். அறுத்தால் சதை பப்பாளிப் பழம் மாதிரி சிவந்திருக்கும். டிரவுட் என்று இன்னொரு மீன். அதற்கு உடம்பெல்லாம் புள்ளி.

ஏரிக்கரைக் காட்டில் ஒரு கரடியம்மா இருந்தாள். வயிற்றில் குட்டியோடு இருந்தாள்.

அந்த ஊரில் பனி விழத் தொடங்கினால் கரடிகள் குகைக்குள் போய்ப் படுத்துவிடும். பனி உருகும் வரைக்கும் அன்னமும் இல்லை, தண்ணீரும் இல்லை. போகும் முன் தின்று சேர்த்த கொழுப்பில்தான் உயிர் ஓடும். கரடியம்மாவோ அந்த வேனலில் தேன் எடுக்க மரம் ஏறினாள். கிளை முறிந்து, பிடித்த தேனடையோடு கீழே விழுந்தாள். வலது முன்னங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஏரியில் வந்து விழும் ஆற்றில் இறங்கி மீனை அடித்துப் பிடிக்க அவளால் முடியவில்லை. புதர்ப் பழங்களைத் தின்றே நாளை ஓட்டினாள். உடம்பு ஒட்டிப்போயிற்று.

'இப்படியே போய்ப் படுத்தால் நானும் எழுந்திருக்க மாட்டேன், என் குட்டியும் கண் திறக்காது' என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஏரியில் ஒரு நீர்நாய் வாடகைப் படகு வைத்திருந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்க நடு ஏரிக்குப் போகும். கோடை முழுக்க நல்ல ஓட்டம். காற்று மாறினால் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிடும். அன்றைக்கு அந்த வருஷத்தின் கடைசி ஓட்டம்.

கரடியம்மா தன் காலை வீங்க வைத்த அந்தத் தேனடையையே கூலியாகக் கொடுத்து ஏறினாள். ஒரு கூடை பழத்தோடு நரியும் ஏறிற்று.

நீர்நாய் படகின் இரண்டு பக்கமும் தூண்டில் கம்புகளை நீட்டிக் கட்டிற்று. நீளமான கயிறுகளில் கொக்கியும் கல்லும் கட்டித் தண்ணீரில் விட்டது.

"இடப் பக்கத்துக் கம்பு மதினிக்கு. வலப் பக்கம் அண்ணாச்சிக்கு. எந்தப் பக்கம் வளையுதோ, மீன் அவங்களுக்கு!" என்றது.

"நீர் நீர்நாய்தானே வே! குதிச்சுப் பிடிச்சுக் கொடுக்க வேண்டியதுதானே! கம்பு எதுக்கு, கயிறு எதுக்கு?" என்றது நரி.

"அண்ணாச்சி, வேனல் கடைசியில மேல் தண்ணி சூடேறிக் கெடக்கும். மீனெல்லாம் குளிர்ச்சியத் தேடி அடியில போயிரும். அம்புட்டு ஆழத்துக்கு எனக்கு மூச்சுப் பத்தாது. கல்லுதான் போகணும். அதனால ரெண்டு விஷயம் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. படகு மெள்ளத்தான் போகும். வேகமாப் போனா கயிறு மேல மெதந்து வந்துரும். அப்புறம், சட்டுன்னு திரும்பவே கூடாது. திரும்பினா இந்தப் பக்கத்துக் கயிறும் அந்தப் பக்கத்துக் கயிறும் கட்டிப் புரண்டுக்கிடும்!"

"சரி, சரி. மீனைக் காட்டும்!" என்றது நரி.

கரடியம்மா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, குளிர் வருது. நீர் பாத்துக்கிடும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நரி சிரித்தது. "மதினி! கும்பிட்டா மீனு வந்து கடிக்குமா?"

"மீனு வருதோ இல்லையோ, எனக்குள்ள இருக்கிற பதற்றம் கொஞ்சம் கீழ எறங்குது, கொழுந்தனாரே" என்றாள் கரடியம்மா.

படகு மெள்ள மெள்ளப் போயிற்று. வெயில் ஏறிற்று. கம்பு அசையவில்லை. நரி ஒரு பழத்தைத் தின்றது. இன்னொரு பழத்தைத் தின்றது. கூலியாகக் கொண்டுவந்த கூடையில் பாதி காலியாயிற்று. நீர்நாய் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"ஆஆ...ஊஊஊஊ!"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். முள்ளம்பன்றியின் வாடகைப் படகு அங்கே நின்றது. அதில் ஏறியிருந்த ஓநாய் எழுந்து நின்று துள்ளிக்கொண்டிருந்தது.

"பாத்தீரா! பெரிய மீனு! சந்தோசத்துல எப்படிக் குதிக்கான் பாரும்!" என்று நரியும் எழுந்து குதித்தது. "விடும் அங்க!"

"அண்ணாச்சி, கல்லு இப்பத்தான் அடிக்குப் போய்க்கிட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்தா..."

"பொறுத்தா அவன் பூராவும் அள்ளிருவான்!"

நீர்நாய் கரடியம்மாவைப் பார்த்தது. அவள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணுக்குள் வெள்ளையாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. ஓநாய் வாயில் போகிற மீனெல்லாம் தன் குட்டியின் வாய்க்கு வரவேண்டியது என்று தோன்றிற்று.

"போய்த்தான் பாப்போமே, தம்பி" என்றாள்.

படகுக்காரன் என்ன செய்வான்? ஏறினவர்கள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்! நீர்நாய் துடுப்பை வேகமாகப் போட்டது. நரியும் ஒரு துடுப்பை எடுத்து வலித்தது. கல் கட்டிய கயிறுகள் மேலே மிதந்து வெதுவெதுப்பான மேல் தண்ணீரில் ஓடி வந்தன.

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தால் முள்ளம்பன்றியின் படகைக் காணோம்! அது சுற்றிக்கொண்டு, இவர்கள் கிளம்பிய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஐயையோ! நாம விட்ட மீனைப் பிடிக்கப் போறானுவ!" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

"திருப்பு தம்பி, சீக்கிரம் திருப்பு!" என்று கரடியம்மாவே கத்தினாள்.

நீர்நாய் சட்டென்று திருப்பிற்று. இவர்கள் வருவதைப் பார்த்து, "ஏதோ மீனை மோப்பம் பிடிச்சுத்தான் வாரானுவ!" என்று ஓநாய் அங்கே கத்திற்று. முள்ளம்பன்றியும் சட்டென்று திருப்பிற்று. இரண்டு படகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. இந்தப் படகின் கயிறும் அந்தப் படகின் கயிறும் தண்ணீருக்குள் ஒரு பெரிய பந்தாகச் சுருண்டன.

"கண்ணு தெரியலையா ஓய்!" என்றது ஓநாய்.

"உமக்குத் தெரியலையா? எல்லா மீனையும் நீரே அள்ளிக்கிட்டு, இங்கயும் வந்துட்டீரு!" என்றது நரி.

"நான் எங்க வே அள்ளினேன்! ஒரு செதில்கூடக் கிடைக்கல!"

"அப்ப எதுக்குக் கூத்தாடினீரு?"

ஓநாய் தலையைக் குனிந்துகொண்டது. முள்ளம்பன்றி தொண்டையைச் செருமியது. "அது வந்து... என் முள்ளு ஒண்ணு பலகையில கெடந்துச்சு. கவனிக்காம உக்காந்துட்டாரு" என்றது.

"உங்க படகுல யாரோ எழுந்து குதிச்சதைப் பாத்துத்தான் நாங்க வந்தோம்! உங்களுக்கு எத்தனை மீனு?" என்று ஓநாய் கேட்டது.

நரி தன் வாலை இழுத்துக் காலுக்குள் வைத்துக்கொண்டது.

கரடியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு முள் குத்தியதைப் பார்த்தல்லவா அவ்வளவு பெரிய ஏரியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தோம்!

"இதெல்லாம் அவிழ்க்க முடியாது. கடிச்சு எறிஞ்சுட்டுக் கரைக்குப் போவோம்!" என்று ஓநாய் பல்லைக் காட்டிக்கொண்டு கயிற்றுக்குக் குனிந்தது.

"கடிச்சிராதீங்க!" என்று கரடியம்மா பதறினாள். "நாளைக்குப் படகு கவிழ்ந்து கெடக்கும். கயிறு போனா எனக்கு வேற நாள் இல்லை. கொஞ்சம் பொறுங்க. நான் பாக்கேன்."

"மதினி, உங்க கையே வீங்கிக் கெடக்கு!" என்றது நீர்நாய்.

"இன்னொண்ணு இருக்குல்லா? முள்ளம்பன்றித் தம்பி, உன் முள்ளு ஒண்ணு தா."

முள்ளம்பன்றி உடம்பை உதறி நல்ல கூரான முள் ஒன்றைக் கொடுத்தது. கரடியம்மா படகின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். முள்ளை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். அவிழவில்லை. இன்னும் இறுகிற்று! நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஓநாய் இழுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நரி இழுத்துக்கொண்டிருந்தது.

"யாரும் இழுக்காதீங்கப்பா! அவங்கவங்க கயித்தத் தொளதொளன்னு விடுங்க. துடுப்பையும் உள்ள வச்சிருங்க."

"விட்டா அவன் என் கயித்தக் கொண்டுபோயிருவான்!" என்றன இரண்டும் ஒரே நேரத்தில்.

"கொண்டுபோகட்டும். முதல்ல விடுங்க!"

பிள்ளைகளை அதட்டுகிற அம்மாவின் குரல் அது. நரியும் விட்டது, ஓநாயும் விட்டது. படகுகள் அசையாமல் நின்றன. கரடியம்மா ஒரு முடிச்சை நெம்பினாள். அது அவிழ்ந்தது. அடுத்ததும் அவிழ்ந்தது. முடிச்சு அவிழ அவிழக் கயிறு நீண்டது. கற்கள் மெள்ள மெள்ளக் கீழே இறங்கின. வெதுவெதுப்பான தண்ணீரைத் தாண்டி, குளிர்ந்த தண்ணீருக்குள், யாரும் துரத்தாத இருட்டுக்குள் போயின.

அங்கேதான் மீன்கள் இருந்தன! அவை வேறெங்கும் போகவே இல்லை. இவ்வளவு நேரமும் படகுகள்தான் அவற்றின் தலைக்கு மேலே ஓடி ஓடிக் களைத்தன.

பந்து முழுவதும் இன்னும் அவிழவில்லை. திடீரென்று கயிறு வெடுக்கென்று இழுபட்டது!

"என் கயிறு!" என்றது நரி.

"போடா! என் கயிறு!" என்றது ஓநாய்.

அது யார் கயிறு என்று அந்தச் சிக்கலுக்குள் யாருக்குத் தெரியும்? 'என் கயிறு' என்று கரடியம்மாவும் சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் அந்த மீன் உயிர். அவள் அப்படிச் சொல்லவில்லை. "யாருதுன்னு கேட்டுக்கிட்டிருந்தா மீனு போயிரும்! எல்லாரும் சேர்ந்து இழுங்க!" என்றாள்.

சேர்ந்து இழுத்தார்கள். தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு சால்மன் வந்து படகில் விழுந்தது. நீர்நாயைவிடப் பெரிது! அது வாலால் அடித்த அடியில் நரி பழக்கூடைக்குள் போய் உட்கார்ந்தது. கயிற்றை மறுபடி கீழே விட்டார்கள். புள்ளி டிரவுட் ஒன்று வந்தது. அப்புறம் இன்னொரு சால்மன். பொழுது சாய்வதற்குள் இரண்டு படகிலும் கால் வைக்க இடமில்லை.

கரையில் பங்கு போட்டார்கள். எந்த மீன் எந்தக் கயிற்றில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகையால் எல்லாருக்கும் சமமாக வைத்தார்கள். முள்ளம்பன்றி தன் பங்கிலிருந்து ஒரு பெரிய மீனை எடுத்துக் கரடியம்மாவின் பக்கம் தள்ளிற்று. "எனக்கு இலை தழை போதும், மதினி" என்றது. ஓநாயும் ஒன்று வைத்தது. நீர்நாய் கரையோரத்தில் முங்கி எழுந்து சின்ன மீன்களாகப் பிடித்து வந்து போட்டது. நரி தன் மீனை ஒரு தடவை மோந்து பார்த்தது. இன்னொரு தடவை மோந்து பார்த்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எடுத்துக்கிடுங்க மதினி, சீக்கிரம் எடுத்துக்கிடுங்க! கண்ணைத் திறந்தா மனசு மாறிரும்!" என்றது.

கரடியம்மா வயிறு கொள்ளும் மட்டும் தின்றாள். பனி விழுகிற வரைக்கும் அவர்கள் ஆற்றிலும் கரையோரத்திலும் பிடித்து, முறை வைத்து அவளுக்கு மீன் கொண்டுபோனார்கள். அவள் உடம்பு தேறி, உருண்டு, குகைக்குள் போய்ப் படுத்தாள்.

பனி உருகியது. நீர்நாய் படகை நிமிர்த்திப் போட்ட அன்று காலையில் கரடியம்மா காட்டுக்குள்ளிருந்து வந்தாள். பின்னால் இரண்டு குட்டிகள் தத்தித் தத்தி வந்தன. ஒன்று வந்ததும் வராததுமாக நரியின் வாலைப் பிடித்துத் தொங்கிற்று. "ஆஆ...ஊஊஊ!" என்று நரி கத்திற்று. ஏரியில் போய்க்கொண்டிருந்த ஒரு படகும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பவில்லை!

எஸ்தர் இதைச் சொல்லி முடிக்கவும், உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்கவும் சரியாக இருந்தது.

அடுத்த படகின் கூச்சலைக் கேட்டுத் திரும்புகிறவர் தன் கயிற்றைச் சிக்கலாக்கிக்கொள்வார்; பிடித்து இழுக்காமல் பொறுமையாக விட்டு அவிழ்ப்பவருக்கே ஆழத்து மீன் கிடைக்கும்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால், அடுத்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புங்கள்.